பெட்டிக்கு வாடகையா? பணத்துக்கு வட்டியா?

பள்ளிக்கூடம் திறக்கிற மாசம் வந்தால் போதும், கோலாலம்பூரில் பல வீடுகளில் சங்கிலி கழுத்தில் நிற்காது. சாதாரண அடகுக் கடைக்கு ஒரு கூட்டம். 'அர்-ரஹ்னு' என்று பலகை போட்ட இஸ்லாமிய அடகுக் கடைக்கு இன்னொரு கூட்டம். இந்த இரண்டாவது கூட்டத்தில் முஸ்லிம்கள் மட்டும் இல்லை. நம் ஆட்களும் நிற்கிறார்கள். இழுக்கிற மந்திரம் இரண்டே வார்த்தை: வட்டி இல்லை!

சரி, வட்டி இல்லை. அப்படியானால் மாசாமாசம் கணக்காகிறதே, அது என்ன?

'உப்பா சிம்பான்' என்கிறார்கள். அதாவது நகையைப் பத்திரமாக வைத்திருக்கக் கூலி. கொடுத்த கடனுக்கு மேல் ஒரு காசு வாங்கக் கூடாது, பெட்டிக்கு மட்டும் வாடகை. 1992-ல் திரெங்கானுவிலும் கிளந்தானிலும் இந்தக் கடைகள் ஆரம்பித்தபோது சொன்ன ஏற்பாடு இதுதான். மறு வருஷமே பேங்க் ராக்யாட்டும் இறங்கியது. (இப்போது 'தவர்ருக்' என்று பொருளை வாங்கி விற்கிற ஏற்பாடும் சில இடங்களில் வந்துவிட்டது. அது தனிக் கதை, இன்னொரு நாள் பார்ப்போம்.)

அடகு வைப்பதை மார்க்கம் தடுக்கவில்லை. நபிகள் நாயகமே தம் இரும்புக் கவசத்தை ஒரு யூதரிடம் அடகு வைத்து வீட்டுக்குத் தானியம் வாங்கியதாக ஹதீஸ் இருக்கிறது. தகராறு கூலியில்தான்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். நகை மதிப்பு 2,000 வெள்ளி. நூறு வெள்ளி மதிப்புக்கு மாசம் 65 சென் கூலி என்று வைத்துக்கொள்வோம். மாசம் 13 வெள்ளி ஆகிறது. ஆயிரம் வெள்ளி கடன் வாங்கியவருக்கு இது நூற்றுக்கு 1.30. பரவாயில்லை. ஆனால் அதே நகையை வைத்து ஐந்நூறு மட்டும் வாங்கிய அம்மாவுக்கும் அதே 13 வெள்ளிதான். நூற்றுக்கு 2.60 விழுகிறது! சாதாரண அடகுக் கடைக்கு 1972-ம் வருஷத்துச் சட்டம் மாசம் 2 சதவீதம் என்று கோடு போட்டது. அந்தக் கணக்கில் பத்து வெள்ளியோடு முடிந்திருக்கும். வட்டி இல்லாத கடையில் மூன்று வெள்ளி அதிகம்!

இதைச் சரிக்கட்ட, கடன் குறைவாக வாங்கினால் கூலியில் தள்ளுபடி என்று ஒரு வழி இருக்கிறது. இந்தோனேசியாவில் அரசாங்க அடகு நிறுவனமான பெகாடாயானின் இஸ்லாமியப் பிரிவு அப்படிச் செய்தது. ஏழைக்கு நல்லதுதான். ஆனால் அங்கே உலமா சபை 2002-லேயே ஃபத்வா கொடுத்திருக்கிறது: வைப்புக் கூலியைக் கடன் தொகையை வைத்து நிர்ணயிக்கக் கூடாது, நகை அடகில் உண்மையில் ஆகிற செலவு எவ்வளவோ அவ்வளவுதான். இரும்புப் பெட்டிக்குள் கிடக்கிற சங்கிலிக்குத் தெரியுமா, தன் பேரில் ஐந்நூறு வாங்கினார்களா ஆயிரம் வாங்கினார்களா என்று? கடன் கூடினால் கூலியும் கூடுகிறது என்றால் அதற்கு என்ன பேர் வைப்பது?

மார்க்க அறிஞர்கள் இதைப் பேசித் தீர்க்கட்டும். அவர்கள் வேலையில் நாம் தலையிடவில்லை. நாம் கேட்பது சின்ன விஷயம். பெட்டி, காவல், இன்சூரன்ஸ், மதிப்பு போடுகிறவர் சம்பளம் எல்லாம் சேர்த்து ஒரு நகைக்கு மாசம் என்ன செலவு? அதைக் கடை வாசலில் எழுதிப் போடலாமே. வாங்குகிற கூலி கடன் தொகையில் நூற்றுக்கு எவ்வளவு ஆகிறது என்று அடகுச் சீட்டிலேயே, பொடி எழுத்தில் இல்லாமல், கண்ணில் படுகிற மாதிரி அடிக்கலாமே. தமிழிலும் ஒரு வரி போட்டால் குறைந்தா போய்விடும்?

ஏலத்துக்கும் வருவோம். மீட்க முடியாத நகை விற்றுக் கடனும் கூலியும் கழிந்தால், மிச்சம் அடகு வைத்தவருடையது. மார்க்கச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. மிச்சம் வரும் என்பதே தெரியாமல் எத்தனை பேர் "நகை போச்சு" என்று அழுதுவிட்டு வீட்டோடு இருக்கிறார்கள்! தவணை முடிந்தது, வந்து மீட்டுக்கொள் என்று கடிதம் போடத் தெரிந்த கடைக்காரர்கள், உன் பணம் எங்களிடம் இருக்கிறது, வந்து வாங்கிக்கொள் என்று இன்னொரு கடிதம் போட்டால் என்ன?