கரையோர நடைக்கு ஒரு கணக்கு

கடற்கரையில் நடப்பதற்குக் கணக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். கணக்குத் தெரியாதவர் கால் வைக்கக்கூடாத கடற்கரையும் உலகில் உண்டு.

அமெரிக்காவில், கலிபோர்னியாவின் வடபகுதியில் உள்ள ஒரு கரைக்குத் 'தொலைந்த கரை' என்று பெயர். கடலோரமாகவே வரும் முதலாம் எண் நெடுஞ்சாலை, இங்கே மலைகள் செங்குத்தாகக் கடலில் இறங்குவதால் உள்நாட்டுப் பக்கம் விலகிவிடுகிறது. 1,246 மீட்டர் உயரமுள்ள கிங் சிகரம் கடலிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தொலைவில்தான் நிற்கிறது. மட்டோல் ஆற்றின் முகத்துவாரத்திலிருந்து தெற்கே சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தை, முதுகில் கூடாரமும் உணவும் சுமந்து, மூன்று நான்கு நாட்களில் நடந்து கடக்கிறார்கள்.

வழியில் மூன்று இடங்களில், கடல் ஏறும்போது நீர் மலையடிவாரத்தைத் தொட்டுவிடும். அவற்றில் இரண்டு, ஒவ்வொன்றும் சுமார் ஆறரை கிலோமீட்டர் நீளம். நடுவில் மாட்டிக்கொண்டால் முன்னால் கடல், பின்னால் பாறை!

"அங்கே ஒரு சாலை போட்டுவிடலாமே" என்று சிலர் சொல்லக்கூடும். நான் அதை ஏற்கமாட்டேன். யானைச் சீல்கள் கரையேறி இளைப்பாறும் இடம் அது. 1970-ல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டமியற்றி அப்பகுதியைப் பாதுகாத்தது. கரை அப்படியே இருக்கட்டும். நடப்பவர்தாம் தம்மைத் தயார்செய்துகொள்ள வேண்டும்.

அதற்கான பௌதிகம் உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. சந்திரன் நாளொன்றுக்குச் சுமார் 12 பாகை கிழக்கே நகர்கிறது. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம். ஆகவே கடலின் ஏற்றமும் வற்றமும் நாள்தோறும் சுமார் 50 நிமிடம் பிந்துகின்றன. ஏற்றத்திலிருந்து வற்றத்துக்கு ஏறக்குறைய 6 மணி 12 நிமிடம். இனி நம் கணக்கைப் போடுவோம். கூழாங்கல்லிலும் மணலிலும் மணிக்கு 2 கிலோமீட்டர்தான் நடக்க முடியும் என்று கொண்டால், ஆறரை கிலோமீட்டருக்கு மூன்றேகால் மணி நேரம் வேண்டும். நீர் வடிந்துகொண்டிருக்கும்போதே, அதாவது வற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே, புறப்பட வேண்டும். ஒரு மணி நேரம் தூங்கிவிட்டால் அந்த ஒரு மணி நேரத்தைக் கடல் திருப்பித் தராது.

கூடாரம் போடவும் இதே கணக்கு வேண்டும். காய்ந்த பாசியும் மரக்கட்டைகளும் ஒதுங்கிக் கிடக்கும் கோடு, முன்பு நீர் எட்டிய உயரத்தைக் காட்டும். ஆனால் அக்கரையில் ஒரே நாளின் இரண்டு ஏற்றங்களும் சமமாக இருப்பதில்லை; அமாவாசை, பௌர்ணமி நாட்களை ஒட்டி ஏற்றம் மேலும் உயரும். கோட்டை மட்டும் நம்பிப் படுத்தவரை நள்ளிரவில் கடல் எழுப்பக்கூடும்.

கணக்குக்கு எல்லையும் உண்டு. ஓத அட்டவணை நீர்மட்டத்தைச் சொல்லும். அடுத்த அலையைச் சொல்லாது. வெவ்வேறு அலைகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து, திடீரென ஒரு பேரலை கரையில் வெகுதூரம் ஏறிவிடும். அலையின் உயரம் இருமடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு. ஆகவேதான், கடலுக்கு முதுகைக் காட்டாதே என்று அங்கே எச்சரிக்கிறார்கள்.

இன்று செயற்கைக்கோள் கருவி கையில் இருக்கிறது. தொலைபேசிச் சமிக்ஞை இல்லாத அந்தக் கரையிலும் நீங்கள் நிற்கும் இடத்தைக் காட்டும். ஆனால் இப்போது புறப்படலாமா, காத்திருக்கலாமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஓதம் எவ்வாறு உண்டாகிறது என்று எழுதி ஐந்து மதிப்பெண் வாங்குவதோடு நம் வகுப்பறைகள் நின்றுவிடுகின்றன. அது போதாது என்பது என் உறுதியான கருத்து. ஆசிரியர்கள் ஓத அட்டவணை ஒன்றை மாணவர் கையில் கொடுத்து, "எத்தனை மணிக்குப் புறப்படுவாய்?" என்று கேட்கட்டும். விடை தவறினால் வகுப்பறையில் மதிப்பெண்தான் போகும். கடற்கரையில் உயிரே போய்விடலாம்.