இரவல் அளவுகோல்

அயலான் வீட்டுக் கணக்கைப் பார்த்துத் தன் வீட்டுக்கு அரிசி வாங்குவார் எவருமிலர். ஆயின், விஞ்ஞானச் சஞ்சிகைகளுக்குச் சந்தா செலுத்தும் வேளையில் மட்டும் நம் பல்கலைக்கழக நூலகங்கள் அவ்வாறே செய்தல் வேண்டுமென வாதிடுவோர் உளர். உலக விஞ்ஞானிகள் எவற்றை மிகுதியாக மேற்கோள் காட்டுகின்றனரோ அவற்றையே வாங்குக என்பது அவர்தம் கட்சி. அது நமக்குப் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

இம்முறை எங்ஙனம் தோன்றிற்று? 1927 இல் அமெரிக்காவின் பொமோனாக் கல்லூரியைச் சேர்ந்த குறொஸ் என்னும் பெயருடைய இருவர், சிறிய கல்லூரியொன்றுக்கு எந்த இரசாயனச் சஞ்சிகைகள் இன்றியமையாதன எனக் காண முற்பட்டனர். அமெரிக்க இரசாயனச் சங்கச் சஞ்சிகையின் 1926 ஆம் ஆண்டுத் தொகுதியிலிருந்த உசாத்துணைகளை எண்ணினர். ஜெர்மானியச் சஞ்சிகைகள் பேரிடம் பெற்றிருந்தமையால், இரசாயன மாணவர் ஜெர்மன் மொழி அறிதல் அவசியம் என்றனர். இரண்டாம் உலகப் போரின் பின் அத்தலைமை ஆங்கிலத்தின் கைக்கு மாறியது. மேற்கோள் எண்ணிக்கை நேற்றைய நிலையைக் காட்டுமேயன்றி நாளைய தேவையைக் காட்டாது என்பதற்கு இஃதொன்றே சான்று.

இலண்டன் விஞ்ஞான அரும்பொருளக நூலகத்தில் பணியாற்றிய பிராட்போட் 1934 இல் வெளியிட்ட கணக்கு இன்னும் கூர்மையானது. புவிப்பௌதிகம் பற்றிய 1,332 கட்டுரைகளில் 429 கட்டுரைகள் 9 சஞ்சிகைகளிலே திரண்டிருந்தன. நமது எதிர்க்கட்சியார் இதனை மட்டும் எடுத்துக்காட்டுவர். எஞ்சியவற்றுள் 499 கட்டுரைகள் வேறு 59 சஞ்சிகைகளிலும், 404 கட்டுரைகள் 258 சஞ்சிகைகளிலும் சிதறிக் கிடந்தமையைக் கூறார். அந்த ஒன்பதோடு அமைந்துவிடும் நூலகம் மூன்றில் இரண்டு பங்கை இழக்கின்றது.

நமக்குரிய ஆராய்ச்சியிற் பெரும்பகுதி அவ்விரண்டு பங்கினுள்ளேதான் கிடக்கும். வடமத்திய மாகாண உழவரை வாட்டும், காரணம் தெளிவுறாச் சிறுநீரக நோயை ஆராய்பவனுக்கு, 1887 இல் தோன்றிய இலங்கை மருத்துவச் சஞ்சிகையின் பழைய தொகுதிகளும் வேண்டும். நம் மண்ணின் பயிர்களை ஆராய்பவனுக்கு 1881 இல் கொழும்பில் தோன்றிய 'ட்ரொப்பிக்கல் அக்ரிகல்ச்சரிஸ்ற்' வேண்டும். இன்று போற்றப்படும் தாக்கக் காரணியோ முந்திய 2 ஆண்டுக் கட்டுரைகள் பெற்ற மேற்கோள்களையே கணிப்பது. நூறாண்டுப் பழைமையுடைய அறிவுக்கு அங்கே இடமேது?

இதில் ஒரு நச்சுச் சுழலும் உண்டு. ஆராய்ச்சியாளன் தன் கைக்கு எட்டியதையே மேற்கோள் காட்டுகிறான். மேற்கோள் காட்டப்பட்டதையே நூலகம் வாங்குகிறது. எட்டாதது எண்ணப்படுவதில்லை, எண்ணப்படாதது வாங்கப்படுவதுமில்லை.

எல்லாவற்றையும் வாங்கிவிடலாமே என்பாருமுளர். இந்திய அரசு 2024 நவம்பரில் ஏறத்தாழ 13,000 சஞ்சிகைகளை நாடு முழுமைக்குமாகப் பெற 3 ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாவை ஒதுக்கியது. 2022 இல் அந்நியச் செலாவணியின்றி, பரீட்சைத் தாளுக்கும் தட்டுப்பாடுற்று, மேல்மாகாணப் பாடசாலைப் பரீட்சைகளையே ஒத்திவைத்த நாடு நமது. பணம் சுருங்கச் சுருங்கத் தெரிவின் பொறுப்புப் பெருகும்.

ஆகவே நம் அளவுகோலை நாமே செய்வோம். சீர்காழியிற் பிறந்து, 1924 இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான இரங்கநாதன் 1931 இல் வகுத்த ஐந்து விதிகளும் வாசகனையும் அவன் பயனையும் முன்வைத்தவை. அந்நெறியில் மூன்று காரியங்கள் உடனே செய்யத்தக்கன. நம் ஆய்வேடுகளின் உசாத்துணைகளை ஆண்டுதோறும் எண்ணி, நூலக இருப்போடு ஒப்பிடுக. கேட்டுக் கிடைக்காத ஒவ்வொரு கட்டுரையையும் ஏட்டிற் பதிக. மேற்கோட் கணக்கில் ஒருபோதும் ஏறாத தேவை அதுவே. பல்கலைக்கழகங்கள் தத்தம் பட்டியல்களை ஒன்றுக்கொன்று காட்டி, ஒரே சஞ்சிகைக்குப் பலவிடத்தும் பணமிறைப்பதைத் தவிர்க்க.

கலைப்பீட மாணவனுக்கு இதிலென்ன அக்கறை எனலாம். நூலகத்தின் பணப்பெட்டி ஒன்றே. தவறான சஞ்சிகைக்குப் போகும் பணம் வாங்கப்படாத தமிழ் நூலின் விலையுமாகும். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வாடகை அறையிற் குடியிருந்து பயிலும் மாணவன், அவன் எப்பீடத்தவனாயினும், கட்டுரையொன்றுக்கு டொலரிற் பணம் செலுத்த வல்லானல்லன். அவனுக்கு நூலகமே கதி. அவன் வெறுங்கையோடு திரும்பிய நாள்களை எண்ணாத கணக்கு எத்துணை நுட்பமானதாயினும் நமக்குரிய கணக்கன்று.