வாகனத் தரிப்பிடத் தளங்கள் எவ்வளவு பாரம் தாங்கும்?

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் காணித்துண்டுகள் சுருங்கச் சுருங்கத் தொடர்மாடிகள் உயர்ந்துகொண்டே செல்கின்றன. தரிப்பிட வசதி காட்டப்பட வேண்டியிருப்பதால் நிலத்தளத்துடன் முதலாம், இரண்டாம் மாடிகளும் வாகனங்களுக்கென ஒதுக்கப்படுகின்றன. வீடு வாங்குவோர் தரையோட்டின் நிறத்தையும் மின்தூக்கியின் வேகத்தையும் விசாரிக்கின்றனர். அத்தளம் எத்தனை பாரத்துக்கென வடிவமைக்கப்பட்டது எனக் கேட்போர் மிகச் சிலரே.

எமது பொறியியலாளர்கள் நெடுங்காலமாகப் பின்பற்றிவரும் பிரித்தானிய நியமம், கார்கள் நிற்கும் தளத்துக்குச் சதுர மீற்றருக்கு 2.5 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 250 கிலோகிராம், எனப் பயன்பாட்டுச் சுமையை விதிக்கின்றது. இந்திய நியமமும் அவ்வாறே. 2.4 மீற்றர் அகலமும் 4.8 மீற்றர் நீளமும் கொண்ட ஒரு தரிப்பிடத்துக்கு இது ஏறத்தாழ 2,900 கிலோகிராம் ஆகிறது. சாதாரணக் கார் ஒன்று இதில் பாதியளவே நிறையுடையது. அமெரிக்காவோ சதுர அடிக்கு 50 இறாத்தலாக இருந்ததை 40 ஆகக் குறைத்துக்கொண்டது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டபின் வந்திறங்கும் மின்சாரக் கார்கள், மின்கலத்தின் நிறையால் சற்றுப் பாரமானவையே. எனினும் அவையும் இந்த வரம்புக்குள் அடங்கும்.

ஆகவே கார்களைக் கண்டு அஞ்சத் தேவையில்லை. கார்களுக்கென அமைத்த இடத்தில் வேறெதனை வைக்கிறோம் என்பதே எமது கவலை. கொட்டாஞ்சேனைப் பக்கம் தரிப்பிடம் களஞ்சியமாக மாறுவது புதுமையன்று. இரண்டு மீற்றர் உயரத்துக்கு அரிசி மூடைகளை அடுக்கினால் சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 1,500 கிலோகிராம் ஏறும். விதிக்கப்பட்டதன் ஆறு மடங்கு அது. ஒன்றரை மீற்றர் உயர நீர்த்தாங்கியும் அதே பாரந்தான். 6,000 லீற்றர் பவுசரில் நீர் மாத்திரமே 6 தொன். பார வாகனங்கள் ஏறும் தளத்துக்கு 5 கிலோநியூட்டனும், சில்லு அழுத்தும் இடத்துக்குத் தனிக் கணக்கும் வேண்டும்.

சுமையைச் சரியாகத் தெரிவுசெய்தாலும் போதாது. 1997 மார்ச் 20 ஆம் திகதி இங்கிலாந்தின் வொல்வர்ஹம்ப்டனில் தரிப்பிடமொன்றின் மேற்தளம் சரிந்தபோது அதன்மீது பாரமெதுவும் குவிந்திருக்கவில்லை. தூண்களைச் சுற்றிய கொங்கிறீற் சிதைந்து, தூணே தளத்தைத் துளைத்தது. உப்புக்காற்று வீசும் வெள்ளவத்தைக் கடற்கரையோரம், கம்பி துருப்பிடிப்பதைப் பொறியியலாளர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. 2017 மே 18 இல் அதே வெள்ளவத்தையில், சார்லிமன்ட் வீதியில், கட்டடமொன்று இடிந்து வீழ்ந்ததைப் பிரதேச மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். அது தரிப்பிடமல்ல, ஆயினும் கட்டடத்தின் பாரத்தை யார் மேற்பார்வை செய்கின்றனர் என்ற கேள்வி அன்றே எழுந்தது.

மேற்பார்வை தளர்ந்த நகரில் அமெரிக்காவின் குறைந்த அளவைப் பின்பற்றுவது அறிவுடைமையாகாது. மாநகர சபையும் நகர அபிவிருத்தி அதிகார சபையும் ஒவ்வொரு தரிப்பிட நுழைவாயிலிலும் அனுமதிக்கப்பட்ட வாகன நிறையை மும்மொழியிலும் எழுதி வைக்கும்படி பணிக்கலாம். அதற்குச் செலவு ஒரு பலகை மாத்திரமே. பழைய தொடர்மாடிகளின் முகாமைத்துவ சபைகள், அடுத்த நீர்த்தாங்கியையோ மின்பிறப்பாக்கியையோ தளத்தில் ஏற்றுமுன், மூல வரைபடத்துடன் பட்டயப் பொறியியலாளர் ஒருவரை அணுகட்டும்.