வயலும் காட்டுயிர்களின் வீடுதான்

வன உயிரின வாரத்தையொட்டி (அக்டோபர் 2–8) சென்னை அடையாறில் நடந்த விழாவுக்குப் போயிருந்தேன். புலி, யானைப் படங்கள் முன்னால்தான் கூட்டம். சாரைப்பாம்பு, கூகை, தவளையைப் பார்க்க ஆளில்லை. உழவனுக்கு ஒத்தாசை இவைதானே! சாரை வளைக்குள்ளேயே நுழைந்து எலியைப் பிடிக்கும். கூகை ராத்திரியில் எலி வேட்டையாடும். தவளை பூச்சியைத் தின்னும். பூச்சிமருந்து தவளையையும் கொல்கிறது. எலிமருந்து தின்ற எலியைப் பிடித்த கூகையும் சாகிறது. அப்புறம் எலி பெருகிப்போச்சுன்னு மறுபடியும் மருந்துக் கடைக்கு ஓடுறோம்.

பக்கத்துக் கிண்டிக் காடு 1978 முதல் தேசியப் பூங்கா. பரப்பு 3 சதுர கிலோமீட்டர்கூட இல்லை. அதை அரசு காக்கட்டும். நம்ம வயலை யார் காப்பது? நாமதான். நஞ்சை நிறுத்துங்க, வரப்பு மரத்தை விட்டுவையுங்க, வயலில் பறவைத் தாங்கி நடுங்க.