நாலு நாள் சிங்கப்பூர், ஆயுசுக்கும் உபதேசம்

காலையில் எங்களோடு நடக்க வருகிறவர்கள் ஏழு பேர். எல்லோரும் பென்ஷன்காரர்கள். ஏழு பேரில் ஆறு பேர் சிங்கப்பூர் பார்த்தாயிற்று. வழியில் குப்பைத் தொட்டி நிரம்பி வழிவதைப் பார்த்துவிட்டால் போதும், யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுவார். "சிங்கப்பூர்ல ஒரு காயிதம் கீழ கெடக்குமுங்களா? நம்ம சனம் உருப்படாதுங்க." மற்றவர்கள் ஆமாம் போடுவார்கள். பார்க்காத ஏழாவது மனிதர் பாவம், குற்றம் செய்தவர் போலத் தலை குனிந்து நடப்பார்.

அந்த ஆறு பேரில் கடைசியாகப் போய் வந்தவன் நான். அந்த உரிமையில் சொல்கிறேன். இந்த உபதேசம் செய்ய எங்களில் ஒருவருக்கும் யோக்கியதை கிடையாது. எனக்கும் சேர்த்துத்தான்.

தபால் துறையில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சென்ற ஆண்டு மகன் பணம் கட்ட, நானும் என் துணைவியாரும் ஒரு சுற்றுலாக் குழுவோடு கிளம்பினோம். சேலம், ராசிபுரம், நாமக்கல் ஆட்கள் முப்பது பேர். திருச்சி வரை வேன், அங்கிருந்து நாலு மணி நேர விமானம். மூன்று இரவு, நாலு பகல். வாயிலிருந்து தண்ணீர் கொட்டும் மெர்லயன் சிங்கத்தின் முன்னால் போட்டோ, செந்தோசா தீவு, ஆற்றில் படகுச் சவாரி. மிச்ச நேரமெல்லாம் முஸ்தபா கடை.

முதலில் இந்தக் கடை விஷயத்துக்கு வருகிறேன். 1991-க்கு முன்னால் வெளிநாட்டுச் சாமான் என்றால் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. டேப் ரிக்கார்டரும் நைலக்ஸ் புடவையும் அங்கிருந்து வந்தால்தான் உண்டு. இன்று எங்கள் குழு வாங்கியது என்ன? கோடாலித் தைலம், டைகர் பாம், சாக்லேட், சென்ட், பாதாம் பருப்பு. எல்லாம் சேலத்தில் கிடைக்கிறது. இல்லாவிட்டால் கூரியர்காரர் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார். சிங்கப்பூர் டாலரை ரூபாயாக்கிக் கணக்குப் போட்டால் பாதிச் சாமானில் லாபம் ஒன்றும் இல்லை. டி.வி. வாங்கி வரலாம் என்று ஒருவர் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தார். 2013 ஆகஸ்டிலிருந்தே தட்டை டி.வி.க்குச் சுங்கச் சலுகை கிடையாது என்று சொன்ன பிறகுதான் அடங்கினார். இன்னொரு அம்மா பேத்திக்கு வெள்ளிக் கொலுசு வாங்கினார். அவர் வீடு சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து நடந்து போகிற தூரம்! கொலுசு செய்கிற ஊரிலிருந்து போய்க் கடல் கடந்து கொலுசு வாங்கி வந்த பெருமை எங்கள் குழுவுக்கு உண்டு.

அந்தக் கரைகளிலிருந்து நம் பக்கத்துக்கு உருப்படியாக ஒன்று வந்திருக்கிறது. ஜவ்வரிசி. பெயரிலேயே ஜாவா இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் கப்பல் வரத்து நின்றதும் சேகோ கிடைக்காமல் போயிற்று. அப்போது, 1943 வாக்கில், பினாங்கிலிருந்து வந்திருந்த ஒருவரின் தொழில் அறிவைத் துணையாகக் கொண்டு, சேலத்து மாணிக்கம் செட்டியார் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்ய ஆரம்பித்தார். இன்று சேலம், நாமக்கல் பக்கம் எத்தனை ஆலைகள், எத்தனை காடுகளில் மரவள்ளி! அன்று வந்தவர் ஒரு தொழிலைக் கொண்டுவந்தார். நாங்கள் தைலம் கொண்டுவந்தோம்.

சரி, சுத்தத்துக்கு வருவோம். ஆற்றுப் படகில் போகும்போது எல்லோரும் "என்ன சுத்தம், என்ன சுத்தம்" என்று மாய்ந்து போனார்கள். ஏன் சுத்தமாக இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் ஊருக்கு வந்துதான் படித்தேன். அந்த ஆறு ஒரு காலத்தில் சாக்கடையாகத்தான் நாறிக் கிடந்தது. 1977-இல் லீ குவான் யூ பத்து வருஷக் கெடு வைத்தார். ஆற்றுக்குக் கழிவு வந்து சேரும் பகுதிகளிலிருந்த பன்றிப் பண்ணைகளை எடுத்தார்கள். குடிசைவாசிகளுக்கு அடுக்கு வீடும், தெருவோரக் கடைக்காரர்களுக்குத் தண்ணீரும் சாக்கடை வசதியும் உள்ள கூரை போட்ட இடமும் கொடுத்து நகர்த்தினார்கள். 1987-இல் வேலை முடிந்தது. பத்து வருஷம், விடாமல், காசு செலவழித்து! அங்குள்ள சனம் பிறக்கும்போதே உத்தமர்களாகப் பிறந்துவிடவில்லை. குப்பை போட்டால் நூற்றுக்கணக்கான டாலர் அபராதம் என்பதால் கையை அடக்குகிறார்கள். மீறிப் போட்டதைப் பெருக்க ஆள் இருக்கிறது.

நம்மிடமும் ஓர் ஆறு இருக்கிறது. திருமணிமுத்தாறு. சேர்வராயன் மலைப் பக்கம் உற்பத்தியாகி, சேலம் நகரத்துக்குள் புகுந்து சாக்கடையும் சாயக் கழிவும் வாங்கிக்கொண்டு நாமக்கல் மாவட்டத்துக்கு வருகிறது. அதற்காக எங்கள் ஆறு பேரில் யாராவது ஒரு மனு எழுதியது உண்டா? மனு எழுதுவதில் கைதேர்ந்த சர்க்கார் ஊழியர்கள்தானே எல்லோரும்! திருச்சியிலிருந்து திரும்பும்போது தொட்டியம் தாண்டி எங்கள் வேன் ஜன்னல் வழியாக ஒரு காலித் தண்ணீர் பாட்டில் பறந்தது. போட்டவர் விமானத்தில் எனக்குச் சிங்கப்பூர்ச் சுத்தத்தைப் பற்றி முழுசாகப் பாடம் நடத்தியவர். நானும் வாயைத் திறக்கவில்லை.

இனி, சொல்லக் கூச்சமான பகுதி.

எங்கள் தெருவில் ஓர் அம்மிணி. பாலிடெக்னிக் படித்த அவருடைய மகன் ஏஜெண்டுக்கு லட்சக்கணக்கில் கட்டி, அங்கே கட்டுமான வேலைக்குப் போய் மூன்று வருஷம். நாங்கள் கிளம்புவது தெரிந்து ஒரு பை கொண்டுவந்தார். முறுக்கு, பருப்புப் பொடி, சின்ன டப்பாவில் நெய். "போஸ்ட்மாஸ்டரண்ணா, ஒரு எட்டு பையனப் பாத்துட்டு வந்துருங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் ஐந்தரை மணிக்கு லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயில் வாசலில் நிற்கச் சொன்னேன். அன்று நம் பையன்கள் ஆயிரக்கணக்கில் அங்கே கூடுகிறார்கள். புல்தரையில், நடைபாதையில், கடை வாசலில் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் பேசுகிறார்கள். நாங்கள் அவர்களை விலக்கிக்கொண்டு முஸ்தபாவுக்குள் போனோம். "அரை மணியில வந்துடறேன், தம்பி" என்று போனில் சொன்னேன். வெளியே வரும்போது மணி எட்டே முக்கால். கடைக்காரர்கள் வாசலில் வார் போட்டு இறுக்கிய பைக்குள் அம்மிணியின் முறுக்கும் கிடந்தது. அதைப் பிரித்து எடுப்பதற்குள் சுற்றுலா பஸ் கிளம்ப ஆயத்தமாகிவிட்டது.

பையன் கோபப்படவில்லை. "பரவால்லைங்க மாமா" என்று சொல்லி, எங்கள் நாலு பைகளையும் வாங்கி பஸ் வரைக்கும் சுமந்து வந்தான். "இன்னும் கொஞ்ச நேரம் இருப்பா" என்றேன், ஒப்புக்கு. "இல்லீங்க மாமா, காலைல அஞ்சு மணிக்கு லாரி வந்துரும்" என்றான்.

லாரியா என்று கேட்டேன். வேலைக்கு லாரியின் பின்பக்கம் உட்காரவைத்துத்தான் கூட்டிப் போவார்களாம். அங்கே சட்டம் அதை அனுமதிக்கிறது. பாராளுமன்றத்தில் கேள்வி எழுந்தும் இன்னும் மாறவில்லை. லாரிக்குப் பாடி கட்டுவதற்குப் பேர் போன நாமக்கல்காரர்கள் பதினைந்து பேர் அந்தக் குளிர்சாதன பஸ்ஸில் இருந்தோம். நம் பிள்ளை அங்கே லாரியில் சரக்காகப் போகிறான் என்பது ஒருவருக்கும் தெரியாது.

அதையும் பிறகுதான் படித்தேன். இந்த மாதிரி வொர்க் பர்மிட்டில் போனவர்கள் மனைவி மக்களைக் கூட்டிப் போய்க் குடும்பம் நடத்த முடியாது. பெரும்பாலோர் ஊர் ஓரத்து விடுதிகளில் ஓர் அறைக்குப் பத்துப் பேருக்கு மேலும் தங்கியிருந்தார்கள். 2020-இல் அங்கே கொரோனா கண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்த விடுதிக்காரர்கள். நாம் போட்டோ எடுத்துக்கொள்கிற கட்டடங்களில் இவர்கள் கை படாத கட்டடம் எத்தனை இருக்கும்?

"விரும்பித்தானே போறாங்க, சம்பாதிக்கிறாங்களே" என்பார்கள். உண்மை. அந்தப் பணத்தில்தான் நம் பக்கத்தில் எத்தனையோ வீடுகள் எழும்பின. அந்த நாட்டைத் திட்ட நான் இதை எழுதவில்லை. நாமக்கல் மாவட்டத்தில் கால்வாசிகூட இல்லாத இடத்தை வைத்துக்கொண்டு அவர்கள் சாதித்தது பெரிய காரியம். தமிழை ஆட்சிமொழிகளில் ஒன்றாக வைத்திருக்கிறார்கள். என் கோபமெல்லாம் நம் கண்ணின் மேல்தான். கண்ணாடி மாளிகையைப் பார்த்தோம், அதைக் கட்டினவனைப் பார்க்கவில்லை. சுத்தமான தெருவைப் பார்த்தோம், பெருக்குகிறவரைப் பார்க்கவில்லை. அப்படிப் பாதி பார்த்துவிட்டு வந்து, "நம்ம சனம் உருப்படாது" என்று தீர்ப்புச் சொல்கிறோம். அந்த நகரத்தைக் கட்டியவர்களில் நம்ம சனமும் உண்டு, ஐயா!

போகாதீர்கள் என்று சொல்லவில்லை. தாராளமாகப் போங்கள். கடைக்கு ஒதுக்குகிற நேரத்தில் பாதியை உங்கள் ஊர்ப் பையனுக்குக் கொடுங்கள். அவனோடு உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிடுங்கள். திரும்பி வந்து உபதேசம் செய்யத் தோன்றினால், முதலில் உங்கள் தெருச் சாக்கடைக்கு ஒரு மனு எழுதுங்கள்.

நாங்கள் வந்த மறுநாள் காலையே அம்மிணி வந்துவிட்டார். நான் சாக்லேட் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: "பையன் எளச்சிருக்கானுங்களாண்ணா?"

எனக்குத் தெரியவில்லை. அவன் முகத்தை நான் சரியாகப் பார்க்கவே இல்லை. "நல்லா இருக்கான், அம்மிணி" என்றேன்.