என்பிஏ-வில் 11 ஆட்டம்தான்... ஐரோப்பாவில் விருதே இவர் பெயரில்! யார் இந்த அல்ஃபோன்சோ ஃபோர்டு?

கூடைப்பந்து பார்க்கும் நண்பர் யாரிடமாவது, 'அவர் ஒரு அமெரிக்க வீரர், ஆனால் ஐரோப்பாவில் ஆடுகிறார்' என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "ஓ... என்பிஏ-ல எடுக்கலையா?"

அந்த ஒரு கேள்வியில் ஒரு மனிதரின் முழு உழைப்பையும் எடை போட்டு முடித்துவிடுகிறோம். அமெரிக்காவின் என்பிஏ-தான் உச்சம். அங்கே இடம் பிடித்தால் வெற்றி, இல்லையென்றால் 'வெளிநாட்டுக்குப் போய்விட்டார்'. அவ்வளவுதான் கணக்கு.

இந்தக் கணக்கு எவ்வளவு தப்பு என்று புரிந்துகொள்ள ஒரே ஒரு பெயர் போதும்: அல்ஃபோன்சோ ஃபோர்டு. என்பிஏ-வில் இவர் ஆடியது மொத்தமே 11 ஆட்டங்கள். ஆனால், ஐரோப்பாவின் முதன்மைத் தொடரான யூரோலீகில் சீசனின் அதிகபட்ச சராசரி எடுக்கும் வீரருக்குத் தரப்படும் விருதின் பெயரே 'அல்ஃபோன்சோ ஃபோர்டு டிராஃபி'தான்.

கல்லூரியில் 3,165 புள்ளிகள்

ஃபோர்டு 1971-ல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்தவர். படித்தது அதே மாநிலத்தின் மிசிசிப்பி வேலி ஸ்டேட் பல்கலைக்கழகத்தில். கறுப்பின மாணவர்களுக்காக உருவான கல்வி நிறுவனங்களில் ஒன்று அது. டிவி வெளிச்சம் அதிகம் படாத சிறிய கல்லூரி.

1989 முதல் 1993 வரை நான்கு ஆண்டுகள் அங்கே ஆடினார். நான்கு ஆண்டுகளிலுமே ஆட்டத்துக்குச் சராசரியாக 25 புள்ளிகளுக்கு மேல். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் முதல் டிவிஷனில் இதைச் செய்த முதல் வீரர் அவர்தான். மொத்தம் 3,165 புள்ளிகள். அன்றைய தேதிக்குக் கல்லூரி வரலாற்றிலேயே நான்காவது இடம்.

இப்படி ஒருவர் இருந்தால் என்பிஏ அணிகள் போட்டி போட்டுக்கொண்டு கொத்திக்கொண்டு போகும் என்றுதானே நினைப்போம்? நடந்தது வேறு.

கதவு ஏன் திறக்கவில்லை?

1993 டிராஃப்டில் 54 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஃபோர்டு இரண்டாவது சுற்றில், 32-வதாக, ஃபிலடெல்ஃபியா அணியால் தேர்வானார். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. முதல் சுற்றில் தேர்வானவருக்கும் இரண்டாவது சுற்றில் தேர்வானவருக்கும் வித்தியாசம் பெரிது. இரண்டாவது சுற்றில் வருபவருக்கு ஒப்பந்தம் உறுதி கிடையாது. 'வந்து பயிற்சி முகாமில் ஆடிக் காட்டு, பிடித்திருந்தால் பார்ப்போம்' என்பதுதான் நிலைமை. நம்ம ஊர் பாஷையில் சொன்னால், ஆஃபர் லெட்டர் இல்லாத இன்டர்ன்ஷிப்.

அப்போது என்பிஏ-வில் இருந்தவை 27 அணிகள். ஆட்டத்துக்கு ஓர் அணிக்கு 12 பேர். ஆக, உலகம் முழுக்க இருக்கும் கூடைப்பந்து வீரர்களுக்குச் சேர்த்து 324 நாற்காலிகள். அதில் பாதிக்கு மேல் ஏற்கெனவே பல ஆண்டு ஒப்பந்தத்தில் உட்கார்ந்திருப்பவர்கள்.

1993-94 சீசனில் சியாட்டில் அணிக்காக 6 ஆட்டங்கள் கிடைத்தன. அந்த சீசனில் 63 வெற்றிகளோடு லீகிலேயே முதலிடத்தில் இருந்த அணி அது. கேரி பேட்டன், கெண்டல் கில், ரிக்கி பியர்ஸ் என்று ஃபோர்டு ஆடும் இடங்களில் மூத்தவர்கள் வரிசையாக நின்றார்கள். அடுத்த சீசனில் ஃபிலடெல்ஃபியாவுக்காக 5 ஆட்டங்கள். அத்துடன் என்பிஏ கதை முடிந்தது.

ஃபோர்டின் திறமை குறைவா? அப்படிச் சொல்ல முடியாது. அணிக்கு அந்த நேரத்தில் தேவைப்பட்டது, பெஞ்சிலிருந்து எழுந்து வந்து நான்கு நிமிடம் ஓடிவிட்டுப் போகும் ஆள். ஃபோர்டு பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்டத்தையே தோளில் சுமக்கிறவர். வேலைக்கும் ஆளுக்கும் பொருந்தவில்லை. நல்ல ஆளைத் தவறான ரோலில் உட்காரவைத்துவிட்டு, 'பெர்ஃபார்மன்ஸ் போதவில்லை' என்று அப்ரைசலில் எழுதுவதை நாம் பார்க்காததா என்ன?

வெளிநாட்டு வீரர் என்றால் என்ன வேலை?

1995-ல் ஃபோர்டு ஸ்பெயினுக்குப் போனார். பைரனீஸ் மலைத்தொடருக்குப் பக்கத்தில் உள்ள ஹுவெஸ்கா என்ற சிறு நகரத்தின் அணி. அடுத்த ஆண்டு கிரீஸ் நாட்டின் பாபாகூ அணி.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, ஐரோப்பிய லீகுகளில் ஒரு வெளிநாட்டு வீரரின் பிழைப்பு எப்படி இருக்கும் என்று பார்த்துவிடலாம்.

முதலாவது, ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரே ஒரு சீசனுக்குத்தான். வீடு, கார் போன்றவற்றை கிளப் கொடுப்பது வழக்கம். ஆனால் அடுத்த ஆண்டு எந்த நாட்டில் இருப்போம் என்று தெரியாது.

இரண்டாவது, வெளிநாட்டு வீரர்களின் எண்ணிக்கைக்கு லீகுகள் வரம்பு வைத்திருக்கும். அதனால் அந்த இடத்துக்கு எடுக்கப்படுகிறவர் உள்ளூர் வீரரைவிட ஒரு படி மேலே ஆடியே தீர வேண்டும். இரண்டு ஆட்டம் சொதப்பினால், மாற்று ஆளைத் தேடும் வேலை ஆரம்பித்துவிடும்.

மூன்றாவது, சம்பளம். சிறிய கிளப்புகளில் சம்பளம் தாமதமாவதும், சில நேரம் வராமலே போவதும் பழைய பிரச்னை. இப்படி ஏமாந்த வீரர்கள் முறையிடுவதற்கென்று சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபா ஒரு நடுவர் மன்றத்தை ஏற்படுத்தியதே 2007-ல்தான். ஃபோர்டின் காலத்தில் அதெல்லாம் கிடையாது.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என்பிஏ-வில் மூன்று சீசன் முடித்தால்தான் ஓய்வூதியத்துக்கே தகுதி. 11 ஆட்டம் ஆடியவருக்கு அதுவும் இல்லை. ஆக, 'வெளிநாட்டுக்குப் போய் ஜாலியாகச் சம்பாதிக்கிறார்' என்ற பேச்சு பாதி உண்மைகூட இல்லை.

1997: வேறு யாராக இருந்தாலும்...

ஃபோர்டுக்கு 1997-ல் லுக்கீமியா எனும் ரத்தப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. அப்போது அவருக்கு வயது 25.

1997-98 சீசன் முழுக்க அவர் ஆடவில்லை. சிகிச்சை எடுத்துக்கொண்டார். 1998-ல் ஏதென்ஸின் ஸ்போர்ட்டிங் அணிக்காகக் களத்துக்குத் திரும்பினார். நோய் விஷயம் அவரைச் சுற்றியிருந்த வெகு சிலருக்குத்தான் தெரியும். கேலரியில் உட்கார்ந்து கைதட்டியவர்களுக்குத் தெரியாது.

அவர் பெயரை இன்று நாம் பேசக் காரணமான எல்லாமே இதற்குப் பிறகு நடந்தவைதான்.

ஏதென்ஸ் புறநகரின் பெரிஸ்தெரி அணிக்காக 2000-01 யூரோலீகில் ஆடினார். சராசரி 26 புள்ளிகள். தொடரிலேயே முதலிடம். இந்த எண்ணை என்பிஏ எண்ணோடு அப்படியே ஒப்பிடக் கூடாது. என்பிஏ ஆட்டம் 48 நிமிடம். ஐரோப்பாவில் 40 நிமிடம். எட்டு நிமிடம் குறைவு என்றால் பந்து கைக்கு வரும் வாய்ப்பும் அந்த அளவுக்குக் குறைவு. அதிலும் எதிரணிகள் மொத்தத் தடுப்பையும் இவர் ஒருவர் மீதே குவிக்கும். அதைத் தாண்டி எடுத்த 26 அது.

அடுத்த சீசனில் கிரீஸின் பெரிய கிளப்பான ஒலிம்பியாகோஸ் அழைத்தது. அங்கே ஆடிய ஒரே சீசனில் மறுபடியும் யூரோலீகின் அதிகபட்ச சராசரி. கிரேக்கக் கோப்பையையும் அணி வென்றது.

2002-ல் இத்தாலியின் சியனா அணி. இந்த முறை முந்தைய இரண்டு சீசன் அளவுக்கு அவர் புள்ளிகள் குவிக்கவில்லை. ஆனால் அணி வரலாற்றில் முதல் முறையாக யூரோலீகின் கடைசி நான்கு அணிகளுக்குள் வந்தது. 2003-ல் பார்சிலோனாவில் நடந்த அரையிறுதியில் ட்ரெவிசோவிடம் 65-62 என்று மூன்றே புள்ளிகளில் தோற்றது. 'தனக்காக மட்டும் ஆடுகிறவர்' என்று புள்ளி குவிக்கும் வீரர்கள் மீது வழக்கமாக ஒரு குற்றச்சாட்டு வரும். சியனா சீசன் அதற்கு ஃபோர்டு கொடுத்த பதில் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

அதன் பிறகு ஏட்ரியாடிக் கடலோர நகரமான பெசாரோவின் ஸ்காவோலினி அணி. ஃபோர்டு ஆடிய சீசனில் அந்த அணி அடுத்த யூரோலீகுக்குத் தகுதி பெற்றது. அதில் ஆட அவர் இல்லை.

2004 ஆகஸ்ட் இறுதியில், உடல்நிலை காரணமாக இனி ஆட முடியாது என்று அறிவித்தார். சில நாட்களில், செப்டம்பர் 4-ல் மெம்ஃபிஸ் நகரில் காலமானார். வயது 32. அடுத்த ஆண்டு யூரோலீக் அந்த விருதுக்கு அவர் பெயரைச் சூட்டியது.

இது 'ஹஸ்சில்' கதை அல்ல

இந்தக் கதையை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு ஏற்ற மாதிரி சுருக்குவது ரொம்ப சுலபம். 'புற்றுநோயே வந்தாலும் வேலையை விடாதே!' என்று ஒரு போஸ்டர் போட்டுவிடலாம். தயவுசெய்து அப்படிப் படிக்காதீர்கள்.

ஃபோர்டு ஓர் ஆண்டு முழுக்க ஆட்டத்தை நிறுத்திவிட்டுச் சிகிச்சை எடுத்தவர். அதன் பிறகு ஆடியது அவருடைய முடிவு. நோயை வெளியே சொல்லாமல் இருந்ததற்கு என்ன காரணம் என்று நாம் ஊகிக்க வேண்டாம். ஆனால், ஒவ்வொரு சீசனும் புதிய ஒப்பந்தம் தேட வேண்டிய ஒரு தொழிலில், 'எனக்கு உடம்பு சரியில்லை' என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பதை யோசிக்கலாம். அது வீரரின் பெருமையை மட்டும் காட்டவில்லை, அந்த வேலைச்சூழலின் குறையையும் சேர்த்தே காட்டுகிறது. காய்ச்சலோடு லாக்-இன் செய்கிற பழக்கத்துக்கு ஃபோர்டை உதாரணம் காட்டுவது அவருக்குச் செய்யும் மரியாதை அல்ல.

'என்ன இருந்தாலும் என்பிஏ தானே பெரிசு?'

இந்தக் கேள்வி வரும். நியாயமான கேள்விதான். உலகின் மிகச் சிறந்த வீரர்கள் ஆடும் லீக் என்பிஏ. அதில் சந்தேகமே இல்லை. ஃபோர்டும் அங்கே ஆட விரும்பித்தான் இரண்டு சீசன் கதவைத் தட்டினார். 'சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்' என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை.

நான் சொல்ல வருவது இதுதான். உச்சத்தில் 324 நாற்காலிகள்தான் இருக்கின்றன என்றால், அதில் உட்காராத எல்லாருமே தோற்றவர்கள் என்ற கணக்கு அர்த்தமில்லாதது. நாற்காலி கிடைப்பது திறமையை மட்டும் பொறுத்ததல்ல. எந்த ஆண்டு வந்தாய், எந்த அணி எடுத்தது, அந்த இடத்தில் ஏற்கெனவே யார் இருந்தார் என்பதெல்லாம் சேர்ந்தது. ஒருவரின் தொழில் வாழ்க்கையைப் பார்க்கும்போது, 'எந்த கம்பெனி?' என்று கேட்பதற்கு முன்னால், 'இருந்த இடத்தில் என்ன செய்தார்?' என்று கேட்க வேண்டும். ஹுவெஸ்காவிலும் பெரிஸ்தெரியிலும் பெசாரோவிலும் அந்தக் கேள்விக்கு ஃபோர்டிடம் தெளிவான பதில் இருந்தது.

அந்தப் பதிலின் தொடர்ச்சி இன்றும் நடக்கிறது. 2012 டிராஃப்டில் எந்த அணியும் எடுக்காத மைக் ஜேம்ஸ் என்ற அமெரிக்க வீரர், குரோஷியா, இத்தாலியின் கீழ்நிலை லீக், இஸ்ரேல், கிரீஸ், ஸ்பெயின் என்று ஊர் ஊராகச் சுற்றினார். நடுவில் என்பிஏ-விலும் சில மாதங்கள் தலைகாட்டினார். 2019-ல் மிலான் அணிக்காக அல்ஃபோன்சோ ஃபோர்டு டிராஃபியை வென்றார். 2024-ல் மொனாக்கோ அணிக்காக யூரோலீகின் மதிப்புமிக்க வீரர் விருதையும் வாங்கினார். அதே ஆண்டில் யூரோலீகில் அதிகப் புள்ளிகள் எடுத்தவர் என்ற சாதனையும் அவர் வசம் வந்தது.

யூரோலீகில் மூன்றே சீசன் ஆடிய ஃபோர்டின் மொத்தப் புள்ளிகள் அந்தப் பட்டியலின் உச்சிக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் ஆட்டத்துக்கு 22 புள்ளிகளுக்கு மேல் என்ற அவருடைய சராசரி இருக்கிறது. ஒவ்வொரு சீசன் முடிவிலும், யாரோ ஒரு வீரர் அவர் பெயர் பொறித்த கோப்பையை வாங்குகிறார்.

அடுத்த முறை யாராவது "என்பிஏ-ல எடுக்கலையா?" என்று கேட்டால், அந்த கோப்பையில் இருக்கும் பெயர் யாருடையது என்று திருப்பிக் கேளுங்கள்.