கன்றுக்கு ஒரு வட்டம், பயறுக்கு மீதி நிலம்

ஒட்டு மாங்கன்று நட்ட நிலத்தில் கண்ணில் படுவதெல்லாம் வெற்றிடம்தான். பழைய முறைப்படி பத்து மீட்டர் இடைவெளி விட்டால் ஏக்கருக்கு 40 கன்றுகள். அவை கணிசமாகக் காய்க்க ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அதுவரை நிலம் சும்மா கிடக்கலாமா என்று கேட்பது நியாயமே. ஆனால், இந்த ஆண்டு எதற்கு நல்ல விலை என்று பார்த்தே ஊடுபயிரை முடிவு செய்கிறோம். கன்றின் வேரிலிருந்து தொடங்கினால் விடை மாறும். கன்றைவிட உயரம் போகாமல், அதன் தண்ணீரைப் பறிக்காமல், கோடைக்கு முன்பே முடிந்துவிடுகிற பயிர்தான் அதற்குத் துணை. அந்தத் துணையும் தூரை ஒட்டி வரக் கூடாது.

இளங்கன்றின் உணவுவேர்கள் மேல்மண்ணில்தான் பரவுகின்றன. புல்லும் களையும் வேர் விடுவது அதே அடுக்கில். இங்கிலாந்தின் வோபர்னில் 1894-ல் பெட்ஃபோர்டு கோமகனும் வேதியியலாளர் ஸ்பென்சர் பிக்கரிங்கும் தொடங்கிய ஆய்வுப் பழப்பண்ணையில், புல் சூழ வளர்ந்த இளம் ஆப்பிள் மரங்கள் வெகுவாகக் குன்றிப்போயின. புல்வேரிலிருந்து நஞ்சு கசிவதாக பிக்கரிங் கருதினார். நீருக்கும் தழைச்சத்துக்குமான போட்டியே முக்கியக் காரணம் என்ற கருத்து பின்னர் வலுப்பெற்றது. குளிர்நாட்டிலேயே இந்த நிலை என்றால், பங்குனி வெயிலில் காயும் நம் மானாவாரிச் செம்மண்ணில் சொல்லவே வேண்டாம். வீட்டுத் தோட்டத்தில் அழகுக்காகப் புல்தரை பரப்பி, அதன் நடுவே மாவையும் சப்போட்டாவையும் நட்டுவிட்டு, கன்று ஏன் தேறவில்லை என்று உரத்தைக் குறை சொல்கிறோம்.

தூரைச் சுற்றி ஒரு மீட்டர் ஆரத்துக்கு எதையும் விதைக்காமல் விட்டால் நிலம் வீணாகாதா என்று கேட்கலாம். கணக்குப் போட்டால், ஒரு வட்டம் மூன்று சதுர மீட்டருக்குச் சற்று அதிகம். 40 கன்றுக்கும் சேர்த்து ஏக்கரில் மூன்று சதவீதம். மீதி 97 சதவீதத்தில் உளுந்து, பாசிப்பயறு, கொள்ளு, படராத தட்டைப்பயறு என மழையோடு விதைக்கலாம். பயறு போட்டாலே மண் வளமாகிவிடும் என்று சொல்வதில் பாதிதான் உண்மை. வேர்முடிச்சுகளில் சேரும் தழைச்சத்தின் பெரும்பங்கு விதைக்குள் போய்விடுகிறது. செடியை வேரோடு பிடுங்கிக் களத்துக்குக் கொண்டுபோனால் மண்ணுக்கு மிஞ்சுவது சொற்பம். காயை மட்டும் பறித்துவிட்டு, தண்டை அறுத்து வட்டத்துக்குள் மூடாக்காகப் போட்டு, வேரை மண்ணிலேயே மட்கவிட்டால்தான் கன்றுக்குப் பங்கு கிடைக்கும். சணப்பையும் பூக்கும் தறுவாயில் வெட்டி இப்படிப் பயன்படுத்தலாம்.

பயறு விற்று வயிறு நிறையுமா, மரவள்ளியும் மக்காச்சோளமும்தானே கையில் காசு தரும் என்பது வலுவான ஆட்சேபம். காத்திருக்கும் ஆண்டுகளில் குடும்பம் நடக்க வேண்டும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் மக்காச்சோளம் ஆளுயரம் தாண்டிக் கன்றின் வெயிலை மறைக்கும். மரவள்ளி ஒன்பது பத்து மாதம் நிலத்தைப் பிடித்துக்கொண்டு சாம்பல்சத்தை இழுக்கும். கிழங்கு தோண்டும்போது கன்றின் வேரும் அறுபடும். பணப்பயிர் வேண்டும் என்றால் காய்கறி போடலாம். ஆனால் வட்டத்துக்கு வெளியே, தனக்கான தண்ணீரும் எருவும் கொடுத்துப் போட வேண்டும். கொய்யாத் தோட்டத்துக்கு இந்தச் சலுகையும் இல்லை. தக்காளி, கத்தரி, வெண்டை மூன்றும் கொய்யா வேரில் கழலை உண்டாக்கும் நூற்புழுவுக்குப் புகலிடம். பயறுகளிலும் அது தங்கும். நூற்புழு வகைகள் பலவற்றை ஒடுக்கும் செண்டுமல்லியே அங்கு பொருத்தம். பூவுக்குச் சந்தையும் உண்டு.

எதுவும் விதைக்காமல் உழுது சுத்தமாக வைப்பதே மேல் என்போரும் இருக்கிறார்கள். கண்ணுக்கு அது ஒழுங்காகத் தெரியும். ஆனால் ஐப்பசி மழை வெறும் மண்ணைத்தான் முதலில் அரித்துச் செல்லும், கோடையில் சூடேறுவதும் அந்த மண்தான். மூடாக்கு போட்டால் கறையான் வரும் என்ற அச்சத்தில் உண்மை இருக்கிறது. அதற்காக மூடாக்கையே கைவிட வேண்டியதில்லை, கன்றின் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டால் போதும். மழை பொய்த்த ஆண்டில் பயறும் கன்றும் ஒரே ஈரத்துக்கு மல்லுக்கட்டும் என்பதும் சரியே. அப்போது காய்க்காகக் காத்திராமல் பயறை அறுத்து வட்டத்துக்குள் போட்டுவிட வேண்டும். உளுந்து எழுபது நாளில் மறுபடி வந்துவிடும்; பட்டுப்போன கன்றுக்குப் பதில் நட்டால் காத்திருப்பு முதலிலிருந்து தொடங்கும். ஆகவே ஒட்டுக்கன்று விற்கும் நாற்றங்கால்கள் ஒவ்வொரு கன்றோடும் ஒரு பிடி பயறு விதையையும், அதை எங்கே விதைக்கக் கூடாது என்ற குறிப்பையும் சேர்த்துக் கொடுக்கலாம்.